கை மாறி வந்த ஆறுதல்

திருவிதாங்கூரை மார்த்தாண்டவர்ம மகாராஜா ஆண்ட காலத்தில், பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்துவந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை என்பவருக்கு அடுக்கடுக்காய்த் துன்பங்கள் நேர்ந்தன. பயிர் பொய்த்தது, கால்நடைகள் மடிந்தன, குடும்பத்தின் ஆஸ்தி கரைந்தது என்று அவருடைய சரித்திரத்தைக் கூறுவோர் சொல்லுகிறார்கள். முகம் வாடியிருந்த அந்த மனிதரைக் கண்டு காரணம் விசாரித்தவர் டிலனாய் என்ற ஐரோப்பியர். ஒல்லாந்தக் கம்பெனியின் சேனையோடு வந்து, 1741-ஆம் ஆண்டு குளச்சலில் நடந்த யுத்தத்தில் தோற்றுச் சிறைப்பட்டு, தம்மைச் சிறைப்பிடித்த அரசரின் படைக்கே பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்றவர் அவர். துயருற்ற நண்பருக்கு அவர் ஜாதகம் பார்க்கச் சொல்லவில்லை. காலம் மாறும், கவலைப்படாதே என்று முதுகைத் தட்டி அனுப்பவுமில்லை. யோபு என்ற பக்தனின் கதையை எடுத்துச் சொன்னார். அந்தக் கதையின் வழியே நீலகண்ட பிள்ளை கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் என்று பெயர் கொண்டதும், 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியின் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டதும் தென்கோடி ஜனங்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவரும் வரலாறு.

இந்த வரலாற்றைத் தியானிப்பவர்கள் பெரும்பாலும் அதன் முடிவையே தியானிக்கிறார்கள். இரத்தசாட்சியின் மரணம் அத்தகைய மகிமை உடையதுதான். ஆனாலும் என் உள்ளம் பலமுறை திரும்பிப் போய் நிற்கும் இடம் அந்த முதற் சம்பாஷணையே. தன் தேசத்தையும் சுவாதீனத்தையும் இழந்த ஒருவன், தன் ஆஸ்தியை இழந்த ஒருவனுக்கு, எல்லாவற்றையும் இழந்த ஒருவனின் கதையைச் சொன்னான். துன்பகாலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் மனிதனுக்கு என்ன தருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி முழுவதும் அந்தச் சம்பாஷணையில் அடங்கியிருக்கிறது. இழந்தவன் கையிலிருந்து இழந்தவன் கைக்கு வந்து சேரும் ஆறுதல் அது. காயம் படாத கையிலிருந்து அது வருவதாக வேதத்திலும் நான் காணவில்லை, வாழ்க்கையிலும் காணவில்லை.

யோபின் கதையை நம்மில் அநேகர் பாதிதான் கேட்டிருக்கிறோம். 7,000 ஆடுகளும் 3,000 ஒட்டகங்களும் உடையவனாய், ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் பெற்றவனாய் ஊத்ஸ் தேசத்தில் வாழ்ந்த நீதிமான் ஒருவன், ஒரே நாளில் மந்தைகளையும் மக்களையும் பறிகொடுத்து, பின்பு உள்ளங்கால் தொடங்கி உச்சந்தலைவரை கொடிய பருக்களால் வாதிக்கப்பட்டு, சாம்பலில் உட்கார்ந்து, உடைந்த ஓட்டுத்துண்டால் தன் மேனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஆயினும் அவன் பொறுமையாயிருந்தான், முடிவில் எல்லாம் இரட்டிப்பாய்த் திரும்பக் கிடைத்தது என்று சுருக்கிச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் புஸ்தகத்தின் 42 அதிகாரங்களில் பொறுமையைப் பற்றிப் பேசுபவை முதல் இரண்டுதான். மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாய் திறந்தபோது, தான் பிறந்த நாளையே சபித்தான். அதற்குப் பின் அவன் பேசுவதெல்லாம் முறையீடு, வழக்கு, நியாயத்தலத்தில் எதிராளியை நிற்கவைத்துக் கேட்கும் கேள்வி. எதிராளி தேவன்.

அவனைக் காண வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர்கள் மூவரையும் நாம் எளிதில் இகழ்ந்துவிடுகிறோம். அவர்கள் செய்த முதற்காரியத்தை மறந்துவிடுகிறோம். தூரத்திலேயே அவனை உருத்தெரியாமற் கண்டு சத்தமிட்டு அழுது, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் உத்தமமான நண்பர்களாகவே இருந்தார்கள். எட்டாம் நாள் அவர்கள் விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கேடு பிறந்தது. நீ பாவம் செய்யாமல் இது வராது, உன் பிள்ளைகள் தப்பு செய்திருப்பார்கள், மனந்திரும்பினால் எல்லாம் சரியாகும் என்று மூவரும் மாறி மாறிச் சொன்னதன் சாரம் ஒன்றே: உலகத்தில் துன்பம் கணக்குத் தவறாமல் வருகிறது, ஆகையால் துன்பப்படுகிறவன் குற்றவாளி. அவர்கள் தேவனுக்காக வாதாடுவதாகவே எண்ணினார்கள். ஆனால் பெருங்காற்றிலிருந்து பேசிய தேவன், முடிவில் எலிப்பாசை நோக்கி, என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசியவன் யோபே, நீங்கள் அப்படிப் பேசவில்லை என்ற கருத்துப்படத் தீர்ப்புச் செய்தார். தேவனை எதிர்த்துக் கதறியவன் உண்மை பேசினான் என்றும், தேவனைத் தாங்கிப் பேசியவர்கள் பிழைபட்டார்கள் என்றும் வேதபுஸ்தகமே எழுதிவைத்திருப்பதைப் போலத் துன்புற்றவனுக்குத் தைரியம் அளிக்கும் வாசகம் வேறொன்றை நான் அறியேன்.

தேவனுடைய மறுமொழியிலும் விளக்கம் இல்லை. பூமிக்கு அஸ்திபாரம் போட்டதையும், காக்கைக் குஞ்சுகளின் பசியையும், மலையாடு ஈனும் காலத்தையும், குதிரையின் வீரத்தையும் அவர் பேசுகிறார். உன் பிள்ளைகள் ஏன் மாண்டார்கள் என்பதைப் பேசவேயில்லை. யோபு அந்தப் பேச்சினால் சமாதானம் அடைந்தான் என்றால், அது காரணம் தெரிந்ததால் உண்டான சமாதானம் அன்று. தன் கூக்குரல் வெறும் ஆகாயத்தில் கரைந்துபோகவில்லை, கேட்கிறவர் ஒருவர் இருந்தார், கேட்டு வந்தார் என்பதனால் உண்டானது. கடைசி அதிகாரத்தில் ஆடுகள் 14,000 ஆயின, ஒட்டகங்கள் 6,000 ஆயின. பிள்ளைகளோ முன்போலவே பத்துப்பேர்தாம். மந்தை இரட்டித்தது, மக்கள் இரட்டிக்கவில்லை. அதை எழுதிய பக்தன், இறந்த பத்துப் பிள்ளைகளுக்கு ஈடாகப் பிறந்த பத்துப் பிள்ளைகளை வைத்துக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணும் அளவுக்குத் தாய் தகப்பன் மனம் அறியாதவனாயிருந்திருக்க மாட்டான். யோபு அந்தப் புதிய பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சிய நாட்களிலும் பழைய பத்துப் பெயர்களை மறந்திருப்பானோ?

நம்முடைய சபைகளில் எலிப்பாசின் குரல் இன்றும் ஓயவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய பெரிய கூட்டங்களில், ஒலிபெருக்கியின் முன் நின்று, உன் வீட்டில் வியாதி இருப்பது உன் விசுவாசம் குறைந்ததால், உன் முன்னோர் சாபம் நீங்காததால் என்று புற்றுநோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பிரசங்கிகளை நானும் கேட்டிருக்கிறேன். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பது அதற்குப் பொருந்தும் பழமொழி. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசுநாதர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டுச் சேற்றைக் குழைத்து அவன் கண்ணில் பூசினார். அவருடைய ஊழியக்காரர் என்று பெயர் சொல்லிக்கொள்பவர்கள் அந்தத் தள்ளுண்ட கேள்வியைத் தெருவிலிருந்து எடுத்துவந்து ஆலயத்தில் வைப்பது எந்த நியாயம்?

என் தமக்கை தன் மூன்று வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அநேகர். தேவன் தம்முடைய தோட்டத்துக்கென்று ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்று ஒருவர் சொன்னார். அவர் நல்லவர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அவர் போனபின் என் தமக்கை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தெருவின் கோடியில் குடியிருந்த விதவைப் பாட்டி ஒருத்தி அந்தி சாயும் வேளையில் தினந்தோறும் வருவாள். யாரையும் கேளாமல் அடுக்களைக்குள் போய்க் கஞ்சி வைப்பாள். பயறும் தேங்காய்த் துருவலும் போட்டு, சூடு ஆறும்வரை கிண்ணத்தைத் தன் முந்தானையால் பிடித்துக்கொண்டு தமக்கையின் அருகில் தரையில் உட்கார்ந்திருப்பாள். "அழு மக்களே, அழு. நானும் அழுதேன்லா" என்பதற்கு மேல் முதல் சில நாட்கள் அவள் பேசியதாக நினைவில்லை. அவளும் முன்னொரு காலத்தில் காலராவில் இரண்டு பிள்ளைகளை ஒரே வாரத்தில் புதைத்தவள் என்பது ஊரறிந்த செய்தி. ஒருநாள் என் தமக்கை, "பாட்டி, இந்த நோவு எப்பவாவது மாறுமா?" என்று கேட்டாள். பாட்டி சற்று நேரம் யோசித்து, "மாறாது மக்களே. ஆனா நீ சுமந்துருவ. நான் சுமந்தேன். என்கூட அவரும் சுமந்தாரு" என்றாள். பிறகு விளக்கைக் கிட்ட இழுத்து வைத்து, எழுத்துக்கூட்டி விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு ஒரு சங்கீதம் வாசித்தாள். அது ஸ்தோத்திர சங்கீதம் அன்று, புலம்பல் சங்கீதம்.

சங்கீத புஸ்தகத்தில் இத்தகைய புலம்பல்கள் மிகுதி என்பதும், அவற்றுள் பெரும்பாலானவை இருளில் தொடங்கி நம்பிக்கையில் முடிந்தாலும், 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது என்பதும் வேதம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். வெளிச்சம் வராமலே முடியும் அந்த ஜெபத்தை ஆதிச் சபையார் நீக்கிவிடவில்லை. பரிசுத்த வேதத்தின் நடுவில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். விசுவாசம் உள்ளவன் துக்கப்படலாகாது, கண்ணீர் அவிசுவாசத்தின் அடையாளம் என்று கற்பிக்கப்பட்டு, இழவு வீட்டிலும் சிரித்த முகம் காட்டக் கடமைப்பட்டவர்களாய்த் தங்களை வருத்திக்கொள்ளும் சகோதர சகோதரிகளுக்கு இந்தச் சங்கீதத்தை யாரேனும் எடுத்து வாசித்துக் காட்டுவார்களானால் பெரிய உபகாரமாக இருக்கும். ஜெபிக்க வார்த்தை வராத இரவில், வார்த்தை வரவில்லை என்று முறையிடுவதற்கும் வார்த்தை அங்கே இருக்கிறது.

இவ்வளவும் பழைய ஏற்பாட்டோடு நின்றிருந்தால், கேட்கிறவர் ஒருவர் உண்டு என்பதோடு நம் ஆறுதல் நின்றிருக்கும். கிறிஸ்தவன் அதற்கு மேலும் ஒன்றை அறிக்கையிடுகிறான்: கேட்கிறவர் தாமே அந்தச் சாம்பலில் வந்து உட்கார்ந்தார். கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர் இருந்த நிலையைச் சுவிசேஷகர்கள் மூடி மறைக்கவில்லை. அவர் வியாகுலப்பட்டார்; முகங்குப்புற விழுந்தார்; தம் நெருங்கிய சிநேகிதர் மூவரை அழைத்து, கொஞ்ச நேரம் என்னோடு விழித்திருங்கள் என்று மன்றாடினார்; அவர்கள் தூங்கிப்போனார்கள். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று ஒருமுறையன்று, மீண்டும் மீண்டும் ஜெபித்தார், பாத்திரம் நீங்கவில்லை. மறுநாள் சிலுவையில், பிதாவே தம்மைக் கைவிட்டாரோ என்று உரத்த சத்தமாய்க் கதறினார். அந்தக் கதறலின் வார்த்தைகள் அவருக்கு முன்பே ஒரு புலம்பல் சங்கீதத்தில் எழுதப்பட்டிருந்தன. ஆக, எங்கள் தெருப் பாட்டி விரலால் தொட்டு வாசித்த அதே புஸ்தகத்திலிருந்துதான், தம்முடைய கடைசி மணிநேரத்தில், அவரும் ஜெபித்தார். பெரிய வெள்ளியன்று மத்தியானம் 12 மணி முதல் 3 மணிவரை நம் ஆலயங்களில் நடக்கும் மும்மணி ஆராதனையில், மின்விசிறியும் போதாத வெக்கையில், பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களைப் பார்த்தால் ஒரு காரியம் விளங்கும்: அவர் சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளுள் நாலாவதாகிய இந்தக் கதறலைக் குருவானவர் வாசிக்கும்போதுதான் பின்வரிசையில் இருக்கும் பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறார்கள். அவர்கள் வேதசாஸ்திரம் படித்தவர்கள் அல்லர். அந்த வார்த்தை எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை அநுபவத்தினால் அறிந்தவர்கள்.

தைரியம் என்பதை நாம் பயமில்லாமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கெத்செமனேயைப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியாது. பயந்து, வியர்த்து, வேண்டாம் என்று சொல்லி, துணைக்கு ஆள் தேடி, துணை கிடைக்காமல், பின்பு எழுந்திருந்து, வருகிறவர்களை எதிர்கொண்டு நடந்தாரே, அதுவே தைரியம் என்றால், நம்மைப் போன்ற பலவீனருக்கும் அது எட்டாதது அன்று. அறுவை சிகிச்சைக்கு முந்திய இரவில் உடம்பு நடுங்குகிறவன் கோழை அல்லன். நடுங்கியவரையும் தேவனுடைய குமாரன் என்றுதான் சபை ஆராதிக்கிறது.

உயிர்த்தெழுந்த பின்னும் அவர் கைகளில் ஆணித்தழும்புகள் இருந்தன என்பதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. மரணத்தையே ஜெயித்த சரீரத்தில் அந்தத் தழும்புகள் மாறாமல் நின்றது ஏன்? தோமா அவற்றைக் கண்டுதான் தன் ஆண்டவரை அடையாளம் கண்டான். பரங்கிமலையிலும் மயிலாப்பூரிலும் அந்தத் தோமாவின் பெயரைச் சொல்லி முழங்காற்படியிடும் நம் ஜனங்களும், மகிமையைக் கண்டல்ல, தழும்பைக் கண்டு நம்பியவனின் விசுவாசத்துக்கே வாரிசுகள்.

இனித் தேவசகாயம் சிறையிருந்த மூன்று ஆண்டுகளுக்கு வருகிறேன். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் யாது, தண்டனைக்கு மெய்க்காரணம் யாது என்பதில் சரித்திராசிரியர்களுக்குள் வாதம் உண்டு. அந்த வாதத்துக்கு இது இடமன்று. 1749-இல் சிறைப்பட்டவர் 1752 வரை விலங்கோடு இருந்தார் என்பதும், எருமையின் முதுகில் பின்புறம் நோக்கி உட்காரவைக்கப்பட்டு ஊர் ஊராய்க் கொண்டுபோகப்பட்டார் என்பதும், அடியுண்ட காயங்களில் மிளகாய்ப்பொடி பூசப்பட்டது என்பதும் சபை மரபு காத்துவந்திருக்கும் செய்திகள். தாகத்தால் தவித்து ஜெபித்து முழங்கையால் அடித்தபோது நீர் சுரந்தது என்று புலியூர்க்குறிச்சியின் முட்டிடிச்சான் பாறையை இன்றும் காட்டுகிறார்கள். பெருவிளையில் அவரை ஒரு வேப்பமரத்தோடு பிணைத்து வைத்திருந்த காலத்தில், சுற்றுவட்டாரத்து ஜனங்கள் தங்கள் நோய்க்கும் கவலைக்கும் ஜெபம் கேட்டு அவரிடம் வந்துபோனார்கள் என்று அந்த மரபு சொல்லும் செய்தியே என்னை மிகவும் உருக்குவது. விலங்கு பூட்டப்பட்டவனிடம் விடுதலையுள்ளவர்கள் ஆறுதல் தேடி வருவானேன்? வைத்தியனும் மந்திரவாதியும் செல்வந்தனும் ஊரில் இல்லாமலா போனார்கள்? தங்கள் நோவை அறிந்தவன் ஒருவன் அங்கே கட்டுண்டு கிடக்கிறான் என்பதே அவர்களை இழுத்திருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் டிலனாயின் எதிரில் வாடிய முகத்தோடு யோபின் கதையைக் கேட்ட அதே மனிதர், இப்போது தாமே அந்தக் கதையாய் மரத்தடியில் இருந்தார்.

ஞானப்பூ என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்ற அவருடைய மனைவி பார்கவி அம்மாளுக்கும் அந்த மூன்று ஆண்டுகள் சிறைவாசமாகவே இருந்திருக்கும். இரத்தசாட்சிகளின் வரலாற்றில் அவர்கள் வீட்டாருடைய கண்ணீருக்குச் சபை இன்னும் அதிக இடம் கொடுக்கலாம். சாதி பேதம் பாராமல் எல்லாரோடும் புழங்கியவர் என்று போற்றப்படும் தேவசகாயத்துக்கு 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் ரோமாபுரியில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, சாதியைக் குறிக்கும் பட்டப்பெயர் நீக்கப்பட்டே அவர் நாமம் அறிவிக்கப்பட்டது என்பது எனக்கு மிகுந்த திருப்தி அளித்த செய்தி. அவருடைய எலும்புகள் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் பண்ணப்பட்டன. டிலனாய் பின்னும் கால் நூற்றாண்டு திருவிதாங்கூர் அரசர்களுக்கு ஊழியம் செய்து, களக்காட்டுப் போரில் தம் மகனையும் பறிகொடுத்து, 1777-இல் காலமாகி, தாம் வலுப்படுத்திய உதயகிரிக் கோட்டைக்குள் அம்மகனின் அருகிலேயே துயில்கிறார். யோபின் கதையைப் பிறருக்குச் சொன்னவருக்கே அந்தக் கதை இரண்டாம் முறையும் வேண்டியதாயிற்று.

களக்காடு என்ற ஊர் வேறொரு வகையிலும் இந்தப் பொருளோடு சம்பந்தப்பட்டது. டோனாவூரில் பெண்குழந்தைகளுக்குத் தாயாய் இருந்து ஒரு பெரிய குடும்பத்தையே வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-ஆம் ஆண்டு அக்டோபரில், களக்காட்டில் வைத்தியசாலைக்கென எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனபோது, மங்கிய வெளிச்சத்தில் புதிதாய் வெட்டப்பட்டிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தார். அதன்பின் 1951-இல் மரிக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். அந்தப் படுக்கையில் கிடந்து அவர் எழுதிய நூல்களுள் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்பது நோயாளிகளுக்கு ஒரு நோயாளி எழுதிய கடிதங்களின் தொகுப்பு. நோயாளிகளுக்கென்று சுகமாயிருப்பவர்கள் எழுதி அனுப்பும் துண்டுப் பிரதிகள் தம் உள்ளத்தைத் தொடவில்லை என்று அவர் அதில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று நாம் சொல்லிவருவதற்கு அந்த அம்மையார் தம் சரீரத்தையே சாட்சியாக வைத்தார். பவுல் அப்போஸ்தலனும் கொரிந்தியருக்கு எழுதும்போது, தேவன் எங்களைத் தேற்றியது நாங்கள் மற்றவர்களைத் தேற்றத் திராணியுள்ளவர்களாகும்படியே என்ற கருத்தைச் சொல்லுகிறார்; அதே நிருபத்தில், தம் மாம்சத்தில் ஒரு முள் இருந்ததையும், அதை நீக்கும்படி மூன்றுமுறை வேண்டிக்கொண்டதையும், அது நீங்காமல் கிருபை மாத்திரம் கிடைத்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். முள் நீங்கியிருந்தால் அந்த நிருபத்தை நோயாளி எவனும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்க மாட்டான்.

இங்கே ஓர் ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். இந்த ஆறுதல் எல்லாம் ஒரு மயக்க மருந்து; துன்பத்தைச் சகித்துக்கொள்ளக் கற்பித்து, துன்பத்தை ஒழிக்கும் முயற்சியை முடக்குவது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூலி கேட்டு நின்றவனுக்குப் பரலோகத்தைக் காட்டிய பிரசங்கங்கள் நடந்திருக்கின்றன. அடிக்கிற கணவனிடம் பொறுமையாய்த் திரும்பிப்போ என்று பெண்களுக்குப் புத்தி சொன்ன மேய்ப்பர்களும் இருந்திருக்கிறார்கள். அது சிலுவையின் உபதேசம் அன்று. சிலுவையில் அறைகிறவனுக்குச் சுத்தியல் எடுத்துக் கொடுப்பது. நீக்கக்கூடிய துன்பத்தை நீக்குவதற்கும், நீக்கமுடியாததைச் சுமப்பதற்கும் பலம் ஒரே ஊற்றிலிருந்துதான் வருகிறது என்பதற்கு நெய்யூரில் 1838 முதல் நடந்துவந்த வைத்திய ஊழியமும், வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கி வளர்த்த ஆஸ்பத்திரியும் போதிய அத்தாட்சி. ஆனால் நிறுவனங்களைக் காட்டுவதைவிட ஒரு மனுஷியைக் காட்டுவது எனக்கு விருப்பம்.

மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, பெண்களுக்கும் பிரசவத்துக்கும் உரிய வைத்தியத்தில் தேர்ச்சி பெறும் ஆசையோடு இருந்தவர். 1954-ஆம் ஆண்டு ஜனவரியில், தோழர்களோடு சென்ற வாகனம் கவிழ்ந்ததில் முதுகெலும்பு சேதப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தார். முகத்திலும் ஆழ்ந்த காயம். வயது முப்பதைத் தொடவில்லை. அவர் எத்தனை இரவுகள் யோபைப் போல வழக்காடினார் என்பது அவருக்கும் அவர் தேவனுக்கும் உள்ள காரியம். அதே ஆஸ்பத்திரியில் குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வகுத்துவந்த டாக்டர் பால் பிராண்ட், கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவருக்கு எடுத்துக்காட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அறுவைக் கூடத்துக்குள் வந்தார். உணர்விழந்த கால்களை உடைய மருத்துவர், உணர்விழந்த விரல்களை உடைய நோயாளிகளுக்கு, பிடிக்கவும் எடுக்கவும் உண்ணவும் கைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. நியூயார்க்குக்குச் சென்று உடலியல் மறுவாழ்வு வைத்தியத்தைக் கற்றுத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை ஏற்று நடத்தினார்; 1966-இல் பாகாயத்தில் முதுகெலும்பு முறிந்தவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது; 1972-இல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. விருதைவிட எனக்குப் பெரிதாய்த் தோன்றுவது ஒன்று உண்டு. பனைமரத்திலிருந்து விழுந்தவனும், கிணற்று வேலையில் முதுகு நொறுங்கியவனும், இனி எனக்கு வாழ்வேது என்று கட்டிலில் கிடக்கையில், நீ மறுபடியும் எழுந்து உட்கார்ந்து சாப்பிடலாம், சம்பாதிக்கலாம், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வந்த மருத்துவர் சக்கர நாற்காலியில் வந்தார். அவன் கேட்க அஞ்சிய கேள்விகளையெல்லாம், படுக்கைப்புண்ணைப் பற்றியும் சிறுநீர் பற்றியும் பிறர் கண்முன் தூக்கிச் செல்லப்படும் வெட்கத்தைப் பற்றியும் உள்ள கேள்விகளையெல்லாம், அவன் வாய் திறக்குமுன்னே அவர் அறிந்திருந்தார்.